முதற் பந்திக்கு உரியவர்

விஷ்ணு புராணத்தின் மூன்றாம் அம்சத்தில், ஔர்வ மஹரிஷி ஸகர மன்னனுக்கு இல்லறத்தானின் கடமைகளை உபதேசிக்கும் பகுதி ஒன்று உண்டு. ஸ்நானம், தர்ப்பணம், பகவதாராதனம், அதிதி ஸத்காரம் என்று முறையாகச் சொல்லிவரும் மஹரிஷி, அன்னம் பரிமாறும் இடத்திற்கு வந்ததும், முதலில் உண்பிக்கத் தக்கவர் இன்னார் என்று ஐவரை எடுத்துக் கூறுகிறார். பிறந்தகத்தில் தங்கியிருக்கும் சுவாஸினி, துயருற்றோர், கருவுற்றோர், விருத்தர், பாலர் என்போரே அவ்வைவர். இவர்களை முன்னர் உண்பித்து, கிருஹஸ்தன் கடைசியில் உண்ண வேண்டும். இவர்கள் பசித்திருக்கத் தான் உண்பவன் பாவத்தையே புசிக்கிறான் என்பது அம்மஹரிஷியின் கருத்து.

‘விருத்த’ என்னும் சொல் நம் பகுதியினருக்குப் புதியதன்று. முதுகுன்றம் என்ற பழம்பெயரை வடமொழியில் விருத்தாசலம் என்று வழங்குகிறோம். மலைக்கு முதுமை பெருமையாயிற்று. மனிதனுக்கு அது பல வேளைகளில் பட்டினியாக முடிகிறது.

இவ்விடத்தில் புராணம் வெறும் அன்னம் என்று கூறாமல், ‘ஸம்ஸ்கிருதமான அன்னம்’ என்று கூறுவது ஊன்றி நோக்கத்தக்கது. நன்றாகப் பக்குவம் செய்யப்பட்ட உணவு என்பது இதன் பொருள். மிஞ்சியதை வழித்துக் கொடுப்பது இவ்விதியில் அடங்காது. பல்லிழந்தவருக்கு விறைத்த சாதமும் முற்றிய காயும் உணவாகா. குழைய வடித்த சாதம், காரம் குறைந்த ரசம், புளிக்காத தயிர் இவையே அவருக்கு ஸம்ஸ்கிருத அன்னம். திருமடைப்பள்ளியில் பழகியவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வீடும் மக்களும் உடைய விருத்தருக்கு இவ்விதி போதும். அவ்விரண்டும் இல்லாதவருக்கு யார் கிருஹஸ்தன்? ஊரே கிருஹஸ்தனாக நின்று விடை கூறியது நம் கடலூர்ச் சீமை. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையிலுள்ள வடலூரில், பார்வதிபுரத்து மக்கள் உவந்தளித்த நிலத்தில், 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் இராமலிங்க அடிகளார் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. வருபவரின் குலமும் சமயமும் அங்கு வினவப்படுவதில்லை. அடிகளாரின் மார்க்கம் வேறு, நம் ஸம்பிரதாயம் வேறு எனினும், ததீயாராதனத்தைப் பெரும் கைங்கரியமாகப் போற்றும் நாம் அவ்வடுப்பை வணங்கத் தடை ஏதுமில்லை.

அரசும் இக்கடமையில் பங்கு கொண்டது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 1962ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023ஆம் ஆண்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 1982இல் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட சத்துணவு, மறு ஆண்டே உதவித்தொகை பெறும் முதியோருக்கும் விரிவாக்கப்பட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை வழங்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது.

இத்தனை இருந்தும் முதியவர் பசித்திருப்பது எதனால்? இவற்றுள் பெரும்பாலானவை வந்து நின்று கேட்பவருக்கே கிடைப்பவை என்பதனால்தான். அன்னதான வரிசையில் முந்தி நிற்கக் கால் வேண்டும். தரையில் அமர்ந்து எழ முழங்கால் வேண்டும். உதவித்தொகைக்கு மனு எழுதக் கண் வேண்டும். நியாயவிலைக் கடையில் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் ஏற்க வேண்டும். யாருக்கு இவை யாவும் குறைந்தனவோ அவருக்கே உதவி வேண்டியிருக்கிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 70 வயது கடந்தோரின் இல்லத்திற்கே குடிமைப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது இக்குறையை உணர்ந்தே எனலாம். எனினும் வீட்டிற்கு வந்த அரிசியை உலையிலிட ஒரு கை வேண்டுமே!

கேட்க இயலாமை உடலால் மட்டும் வருவதன்று, நாணத்தாலும் வருவது. ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தில் வரும் குசேலோபாக்யானத்தை அன்பர்கள் அறிவர். ‘குசேலம்’ என்றால் இழிந்த ஆடை. கந்தை என்பதே அந்த பக்தருக்குப் பெயராக நின்றுவிட்டது. மனைவி இரந்து பெற்ற நான்கு பிடி அவலைத் துணியில் முடிந்துகொண்டு துவாரகை சென்ற அவர், வந்த காரியத்தை வாய் திறந்து சொல்லவே இல்லை. கண்ணன் அவரைத் தன் மஞ்சத்தில் இருத்திப் பாதம் விளக்கினான். பின்னர் அவர் கேளாமலே, அவர் அறியாமலே, அவருடைய வீட்டிற்கே செல்வத்தை அனுப்பினான். அரண்மனை வாயிலில் வைத்து அளந்து கொடுக்கவில்லை என்பதைக் கதை சொல்வோரும் சில வேளை விட்டுவிடுகின்றனர்.

கெடிலக்கரையிலுள்ள திருவஹீந்திரபுரத்து ஸ்தலபுராணமோ இதன் மறுபுறத்தைக் காட்டுகிறது. எம்பெருமானுக்கே தாகம் உண்டாகி, கருடனையும் ஆதிசேஷனையும் தீர்த்தம் கொணரப் பணித்தான். சேஷன் அங்கேயே பூமியைப் பிளந்து தீர்த்தம் அளித்தான். கருடன் நெடுந்தூரம் சென்று நதியையே கொணர்ந்தான், ஆயினும் தாமதமாயிற்று. கருடநதியே கெடிலமென வழங்குவதாகச் சொல்வர். நதி பெரிதுதான், தாகத்தைத் தீர்த்தது அருகிலிருந்த கிணறு. பெரிய திட்டங்கள் கருடநதி போன்றவை. அடுத்த தெருவில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு உரிய வேளையில் செல்லும் ஒரு தூக்குச் சாதம் சேஷ தீர்த்தம்.

வஸ்திர தானத்தைப் பற்றியும் ஒரு சொல். கடோபநிஷத்தில், தந்தை தானம் செய்ய நிறுத்திய பசுக்களை நசிகேதன் காண்கிறான். அவை நீர் அருந்தி ஓய்ந்தவை, புல் மேய்ந்து ஓய்ந்தவை, பால் வற்றியவை. இத்தகைய தானம் செய்பவன் இன்பமற்ற உலகையே அடைவான் என்று அச்சிறுவன் அஞ்சினான். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின்னர், நாடெங்குமிருந்து வந்த பழந்துணிகள் கரையோரச் சாலைகளில் குவிந்து மழையிலும் வெயிலிலும் கிடந்தமை பலருக்கும் நினைவிருக்கும். கொடுத்தவர் நல்லவரே, ஆயின் அவை பால் வற்றிய பசுக்கள். முதியவருக்கு வேண்டுவன சில. கழுவி உலர்த்தக் கனமில்லாத நூல் வேட்டி, நடுங்கும் கைக்கு எளிதில் அடங்கும் மெல்லிய சேலை, ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு போர்வை. மார்கழி பிறந்தபின் கொடுக்கும் போர்வை பாதிப் பயனே தரும்.

உத்ஸவத்திற்கு வரும் அன்பர்களில் பலர் திருப்பாதிரிப்புலியூர் இரயிலடியிலும் பேருந்து நிலையத்திலும் இறங்கி வருபவர்கள். அங்கும், தேரடியிலும், மதிலோரத்திலும் அமர்ந்திருக்கும் முதியோர், பந்தி மணி கேட்டு எழுவதற்குள் முதற் பந்தி நிறைந்துவிடுகிறது. இலை போடுவதற்கு முன்பே தொண்டர் இருவர் வெளியே சென்று அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வரலாம். தரையில் அமர இயலாதவர்க்குச் சுவரோரமாக நான்கு பெஞ்சு இடலாம். தெருவாரியாக, எழுந்து வர முடியாதவர் யார் என்று முன்னதாகவே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, தளிகை அமுது செய்விக்கப்பட்டதும் முதலில் அவர்களுடைய தூக்குகளை நிரப்பி அனுப்பிவிட்டு, அதன் பிறகு பந்தியைத் தொடங்கலாம்.