கப்பலேறும் முன் வயிற்றைத் தயார் செய்யுங்கள்!

"டாக்டர், பிள்ளை எல்லோருக்கும் சேர்த்துக் கப்பல் டிக்கெட் போட்டுட்டான். மூணு ராத்திரி கடலிலேயே இருக்கணுமாம். வாந்தி வருமாமே... ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துடுங்க!"

கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். காரணம் இருக்கிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்கிற சொகுசுக் கப்பல் புறப்பட ஆரம்பித்தது. 2023-ல் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய் வந்தது. இன்னொரு பக்கம், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாட்களிலேயே மழைக்காலத்துக்காக நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி புறப்பட்டது. பேரப் பிள்ளைகளோடு தாத்தா பாட்டியும் கப்பலேறுகிற காலம் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான்!

நமக்குக் கப்பல் புதிதும் அல்ல. 'ரஜூலா' என்ற கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கு, சிங்கப்பூர் போனவர்கள் தஞ்சை, தென்னாற்காடு ஜில்லாக்களில் எத்தனையோ பேர். பிறகு இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய ஒரு கப்பலுக்குப் பெயரே 'சிதம்பரம்'! 1985-ல் தீ விபத்து நடக்கும் வரை அது ஓடியது. வாரக்கணக்கில் கடலில் இருந்த அந்தத் தலைமுறைப் பெண்கள் மூட்டையில் முதலில் எடுத்து வைத்தது சுக்கும், உப்பிட்டுக் காயவைத்த நார்த்தங்காயும். இன்றைக்கு நாம் முதலில் எடுத்து வைப்பது செல்போன் சார்ஜர்!

சரி, விஷயத்துக்கு வருவோம். கப்பலில் வருகிற குமட்டலுக்கு மருந்து கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "சென்னைக்கு எப்படிப் போகப் போறீங்க?" பெரும்பாலும் பதில் ஒன்றுதான். "அன்னிக்கு விடியற்காலை மூணு மணிக்கு வேன் வெச்சுக் கிளம்பிடுவோம் டாக்டர்."

தொல்லை அங்கேயே தொடங்கிவிடுகிறது. சிதம்பரத்திலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 230 கிலோமீட்டர். கடலூரிலிருந்து 185 இருக்கும். முந்தின ராத்திரி பெட்டி கட்டுகிற அமளியில் தூக்கம் கிடையாது. வேனில் பின்சீட்டில் பிள்ளைகள் குனிந்து செல்போனில் விளையாடிக் கொண்டே வருவார்கள். திண்டிவனம் தாண்டி ஓர் ஓட்டலில் பூரி, பொங்கல், வடை. சென்னை வந்ததும் நெரிசல். துறைமுகத்தில் பெட்டி சோதனை, அடையாளச் சீட்டு, வரிசை... கப்பலில் கால் வைக்கும்போது மதியம் ஆகிவிடும். அதற்குள் வயிறு பாதி புரண்டுவிட்டது. கடல் செய்வது மிச்சம் பாதிதான். பழி மட்டும் முழுசாகக் கடலுக்கு!

ஆட்டம் எப்படி வேலை செய்கிறது?

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள நீர் அசைவதை வைத்துத்தான் உடம்பு ஆடுகிறதா, நிற்கிறதா என்று மூளை தெரிந்து கொள்கிறது. கப்பல் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது, "ஆடுகிறோம்" என்று காது சொல்கிறது. "சுவர் அசையவில்லையே, நிற்கிறோம்" என்று கண் சொல்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் மூளை குழம்பி, வயிற்றைப் புரட்டிவிடுகிறது. வேனில் குனிந்து செல்போன் பார்க்கிற பிள்ளைக்கு நடப்பதும் இதேதான். சித்த மருத்துவத்தில் நாங்கள் இதை வேறு விதமாகப் பார்ப்போம். அலைச்சலும் கண்விழிப்பும் வாதத்தைக் கிளப்ப, அது பித்தத்தை மேலே தள்ளுகிறது. எந்த வழியில் பார்த்தாலும் தூக்கமும் வயிறும் முதலில் சீராக இருக்க வேண்டும் என்பதுதான் முடிவு.

"பிச்சாவரத்துல படகில போனோமே, ஒண்ணும் ஆகலையே!" என்று தைரியமாகச் சொல்பவர்கள் உண்டு. பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குள் ஓடும் வாய்க்கால்களில் அலையே கிடையாது. கடல் ஆட்டம் வேறு. ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒரு முறை என்று நிதானமாக ஏறி இறங்குகிற ஆட்டம்தான் மனிதனை அதிகமாகக் கவிழ்க்கிறது. இதில் வீரனுக்கும் விலக்கில்லை. இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சனே கடைசி வரை கடல் குமட்டலால் அவதிப்பட்டவர். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு இது அபூர்வம். அதிகம் படுத்துவது பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் முன்னெச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

பெரிய கப்பலில் ஆட்டத்தைக் குறைக்கும் சாதனம் உண்டு. நாகப்பட்டினத்தில் ஏறுகிற சின்னக் கப்பல் சுமார் நான்கு மணி நேரப் பயணம்தான் என்றாலும் அதிகம் ஆடும். அதனால் "நாலு மணி நேரம்தானே" என்று அலட்சியமாக ஏறாதீர்கள். மழை, காற்றுக் காலங்களில் அந்தச் சேவையை நிறுத்தி வைப்பார்கள். கிளம்பும் முன் விசாரித்துக் கொள்வது நல்லது.

முதல் நாளே போய்ச் சேருங்கள்

என்னைக் கேட்டால், மருந்தைவிடப் பெரிய மருந்து இதுதான். பகலில் ஓடுகிற சோழன் எக்ஸ்பிரஸ் சிதம்பரம், கடலூர் வழியாகப் போய் மாலையில் சென்னை சேர்கிறது. முதல் நாள் அதில் போய் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குங்கள். ராத்திரி ரசம் சாதமோ இட்லியோ சாப்பிட்டு, ஏழு மணி நேரம் தூங்குங்கள். ஒரு நாள் தங்கும் செலவு அதிகம் என்று தோன்றினால், கப்பல் டிக்கெட் விலையை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள்!

வேனில்தான் போக வேண்டும் என்றால், குமட்டல்காரருக்கு முன்சீட்டு. செல்போன், புத்தகம் கூடாது. பார்வை தூரத்தில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடும் கிளம்பாதீர்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். எண்ணெய் குறைவாக இரண்டு இட்லி அல்லது இடியாப்பம் போதும். நம்மூர் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் அது திரும்பி வந்த பிறகு!

இனி சுக்கு. தோலோடு இடிக்கக் கூடாது. சுக்கின் மேல் தோல் நஞ்சு என்பது எங்கள் மருத்துவத்தின் பாலபாடம். மேலே சுண்ணாம்பு பூசி, காயவிட்டு, தோலைச் சீவிக் கழுவி உலர்த்திய பிறகு இடித்துச் சலிக்க வேண்டும். பெரியவர்களுக்கு அரை தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய ஒரு கிராம். புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக, ஏதாவது சாப்பிட்ட பிறகு வெந்நீரில் கலந்து குடிக்கவும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம். 1988-ல் டென்மார்க்கில் 80 கடற்படை மாணவர்களுக்கு நடுக்கடலில் ஒரு கிராம் இஞ்சிப்பொடி கொடுத்துச் சோதித்தார்கள். வாந்தியும் குளிர் வியர்வையும் குறைந்தன. குமட்டலிலும் தலைசுற்றலிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். சுக்கு உதவும், மந்திரம் போடாது.

வயிற்றுப்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் சுக்கைக்கூடக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. இவர்கள் ஏலக்காயை மெல்லலாம், சீரகத் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய் இல்லாத குமட்டல்காரர்களுக்கு மாதுளை மணப்பாகு நல்லது. நார்த்தங்காய்த் துண்டு நாக்குக்குச் சுகம்தான். ஆனால் அதில் உப்பு அதிகம், ரத்தக் கொதிப்புக்காரர்கள் வாயில் போடும் முன் யோசிக்கவும்.

அலோபதியில் குமட்டல் தடுப்பு மாத்திரைகள் உண்டு. அவற்றை நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். புராஸ்டேட் வீக்கம், கண்ணில் நீரழுத்தம் உள்ள பெரியவர்களுக்குச் சில மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும், கண்ணைக் கெடுத்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையைத் தாத்தாவுக்குக் கொடுக்காதீர்கள்.

வியர்த்தால் எல்லாம் கடல் குமட்டல் அல்ல!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். என்னிடம் வரும் ஓர் அம்மா, வயது அறுபதைத் தாண்டியவர், பத்து வருஷமாகச் சர்க்கரை. கப்பலேறும் நாளன்று காலையில் வழக்கம்போல் மாத்திரை போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார். வழியில் வேனிலேயே அது வெளியே வந்துவிட்டது. மறுபடி ஏதும் சாப்பிடப் பயம். துறைமுக வரிசையில் மதியம் வரை நின்றிருக்கிறார். கப்பலில் ஏறிச் சற்று நேரத்தில் உடம்பெல்லாம் வியர்வை, முகம் வெளுப்பு, மயக்கம். "கடல் ஒத்துக்கலை, தூங்கட்டும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு மட்டும் சந்தேகம். கப்பல் அப்போது கரையை விட்டே நகரவில்லை! விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தார். தூங்கட்டும் என்று விட்டிருந்தால்?

வியர்வை, வெளுப்பு, நடுக்கம், மயக்கம் எல்லாம் இரண்டுக்கும் பொது. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கும் வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி கைப்பையிலேயே இருக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றால் சந்தேகத்துக்கே கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் கப்பல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாப்பாடு வாந்தியாகிவிட்டால் அடுத்த வேளை மருந்தை என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் ஊரிலேயே கேட்டு, தாளில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். கொதிப்புக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைக் கேட்க வேண்டும். வாந்தியும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் உடம்பு வறண்டு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார்கள்.

பெட்டியில் மருந்து வைக்காதீர்கள். பெரிய கப்பல்களில் பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக் கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். வீட்டுப் பலகாரங்களைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை. மருந்துக்கு மருத்துவர் சீட்டு இருந்தால் தொல்லையில்லை. சூரணத்தை மட்டும் பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொண்டு போகாதீர்கள். பெயரில்லாத பொடியைப் பார்த்தால் எந்தப் பாதுகாப்பு அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்? லேபிள் உள்ள டப்பாவிலேயே இருக்கட்டும். ஆறேழு மாதக் கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் பல கப்பல்களில் ஏற்றுவதில்லை. டிக்கெட் போடும்போதே வயதையும் மாதத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டினால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் மேல்தளத்துக்கு வந்து, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். முடியாவிட்டால் கண்ணை மூடி மல்லாந்து படுங்கள். வாந்தியான பிறகு ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீர் குடிக்காமல், உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருகுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் இது பொருந்தும், அளவைப் பார்த்துக் கொண்டால் சரி.

விருந்து மேஜையில் முப்பது வகை வைத்திருப்பார்கள். கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களுக்கு உண்டு! முதல் வேளை மட்டுமாவது தயிர் சாதத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள். பலர் கூடும் கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி வேகமாகப் பரவும். கையில் தடவும் திரவம் அதற்குச் சரியாகக் கேட்காது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. வாந்தியோடு காய்ச்சலோ பேதியோ சேர்ந்தால் அது கடல் குமட்டல் இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

இறங்கி ஊர் வந்த பிறகு, குளிக்கும்போதும் படுக்கும்போதும் தரை ஆடுவதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், மூளை கரைக்குப் பழகுகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். அதுவரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். ஒரு வாரம் தாண்டியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.