கொல்லிமலைத் தினையும் உலக வணிகச் சட்டமும்

முன்னுரை

தமிழ் பயில்வோர்க்குக் கொல்லிமலை புதிய பெயரன்று. வல்வில் ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவை உறைந்த மலை, சங்கப் புலவர் பலர் பாடிய மலை என்றே வகுப்பறையில் அதனை அறிமுகம் செய்கிறோம். நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என ஊர்த் தொகுதிகள் 'நாடு' என்னும் பழம்பெயரோடு இன்றும் வழங்கக் காணலாம். அங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். அவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்களேயன்றிக் கேரளத்தார் அல்லர்.

இம்மலையில் விளையும் சாமைக்கும் தினைக்கும், ஜெனீவா நகரில் நாடுகள் கூடி இயற்றும் வணிகச் சட்டங்களுக்கும் தொடர்புண்டா? உண்டெனில், அத்தொடர்பில் தமிழ் கற்ற ஒருவர் செய்யத்தக்க பணி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பிழையும் ஒரு வினாவும்

இவ்வினாக்கள் என் பிழை ஒன்றிலிருந்து எழுந்தவை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நாட்டுப்புறப் பாடல்கள் திரட்டக் கொல்லிமலை சென்றிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மூதாட்டி ஒருவர் அறுவடைப் பாடல் ஒன்றைப் பாடினார். பாடி முடித்ததும், தம் நிலத்தில் முன்பு விளைந்த தினை, சாமை வகைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கினார். விதையை எவ்வாறு உலர்த்துவது, எந்த இலையை இட்டு வைத்தால் வண்டு அண்டாது என்றெல்லாம் விரித்துரைத்தார். நான் பாடலை மட்டும் எழுதிக்கொண்டேன். பாடலின் கீழே, 'மூதாட்டி ஒருவர் கூறியது' என்று குறித்தேன். அவர் பெயரில்லை, ஊரில்லை, நாளில்லை. இலையின் பெயரை நான் கேட்கவும் இல்லை.

பின்னாளில் என் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்த சட்ட ஆசிரியர் ஒருவர், "யார் சொன்னது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று இதில் காணோமே. நாளை ஒரு வழக்கில் இதனைச் சான்றாக எப்படி வைப்பது?" என்று வினவினார். பாடலுக்கும் வழக்குக்கும் என்ன உறவு என்று அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பின் மீண்டும் மலையேறினேன். அத்திண்ணை இருந்த ஊரையே என்னால் அடையாளம் காண இயலவில்லை.

மலையின் பயிர்ச்செல்வம்

தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்குமிடத்து உணவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. குறிஞ்சி நிலத்துக்குத் தினை உரியது. கொல்லிமலையில் இது வெறும் இலக்கண மரபாக நின்றுவிடவில்லை. கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு. சாமையில் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை எனப் பல வகைகளை அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து காத்து வந்தனர். ஒன்று விரைவில் விளையும். ஒன்று வறட்சி தாங்கும். மற்றொன்று மெலிந்த சரிவு நிலத்திலும் பலன் தரும். எழுத்தறியாதார் எனக் கருதப்பட்டோர் கண்ணாலும் கையாலும் செய்த பயிராராய்ச்சியே இது எனலாம்.

இச்செல்வம் கடந்த சில பத்தாண்டுகளில் குறையலாயிற்று. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை விலை கொடுத்து வாங்கின. கையில் பணம் தரும் மரவள்ளி சிறுதானிய நிலங்களைப் பிடித்துக்கொண்டது. சாமையை உரலிலிட்டுக் குற்றி உமி நீக்கும் கடும் உழைப்பு பெண்கள் மீதே விழுந்ததும் மற்றொரு காரணமாகும். பயிரிடாத விதை முளைக்கும் திறனை இழக்கும். விதை அழிந்தால் அதன் பெயரும் அதனைப் பற்றிய அறிவும் உடன் அழியும்.

1987இல் உலக உணவுப் பரிசு பெற்ற வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் தம் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். அந்நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் பணி தொடங்கியது. மரபு வகைகளைத் திரட்டுதல், மக்களே நடத்தும் ஊர் விதை வங்கிகளை அமைத்தல், 'தொம்பை' எனப்படும் பழைய தானியக் களஞ்சிய முறையைப் புதுப்பித்தல், உமி நீக்கும் பொறிகளை ஊர்களுக்குக் கொணர்தல், தானியத்தை மாவாகவும் பண்டமாகவும் ஆக்கி விற்க மகளிர் குழுக்களுக்குத் துணைநிற்றல் ஆகியன அப்பணியுள் அடங்கும்.

வணிகச் சட்டம் வந்த வழி

இதே காலத்தில் உலக அரங்கில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1991ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த டங்கல் வரைவு, நம் நாட்டுப் பொதுமேடைகளில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அப்பேச்சுவார்த்தையின் முடிவாக 1994இல் மராக்கேஷ் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு தோன்றியது. அதன் ஓர் உறுப்பே அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் உடன்படிக்கையாகும். அதன் 27ஆம் உறுப்பின் 3(ஆ) பிரிவு, பயிர் வகைகளுக்குக் காப்புரிமை வழியாகவோ, தனித்தன்மை வாய்ந்த பயனுள்ள சட்டமுறை ஒன்றின் வழியாகவோ, இரண்டின் வழியாகவோ பாதுகாப்புத் தர வேண்டும் என்று விதித்தது.

மறுபுறம், 1992இல் ரியோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை, உயிர்வளங்களின் மீது அந்தந்த நாட்டுக்கு இறையாண்மை உண்டென்றும், பழங்குடி மக்களின் அறிவை மதித்து, அதனால் விளையும் பயனை அவர்களோடு பகிர ஊக்கமளிக்க வேண்டும் என்றும் கூறியது. ஓர் உடன்படிக்கை புதிதாகக் கண்டுபிடித்தவரின் உரிமையை நோக்கியது. மற்றொன்று தொன்றுதொட்டுக் காத்தவரின் உரிமையை நோக்கியது. இரண்டையும் ஒரு நாடு எவ்வாறு ஒருங்கே நிறைவேற்றுவது?

அறிஞர் கூடிய அவை

இவ்வினாவுக்கு விடை காணச் சட்ட அறிஞர் மட்டும் போதவில்லை. பயிரியலார், பொருளியலார், சட்டவியலார், மக்களிடையே பணிபுரிவோர் ஆகியோரின் கருத்துப் பரிமாற்றம் தேவைப்பட்டது. சுவாமிநாதன் நிறுவனம் சென்னையில் அத்தகைய கலந்துரையாடல்களை நடத்தியது. சுவாமிநாதனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உழவர் உரிமையும் பயிர் மரபு வளங்களும் பற்றிய உரையாடல் நூல் 1995இல் வெளிவந்தது.

இத்தகைய விவாதங்களின் தொடர்ச்சியாகவே 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டம் உழவரைப் பயிரிடுவோர், காப்போர், புதுவகை உருவாக்குவோர் என மூன்று நிலைகளில் ஏற்கிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்காதவரை, விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்கு 39ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஒரு பயிர் வகை உருவானதில் தம் ஊர் மக்களுக்குப் பங்குண்டு என்று உரிமை கோர 41ஆம் பிரிவு வழி செய்கிறது. கோரிக்கை மெய்ப்பிக்கப்பட்டால், அவ்வகையின் உரிமையாளர் தேசிய மரபணு நிதியத்தில் ஈடு செலுத்த வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி 2003இல் தேசிய ஆணையம் சென்னையில் அமைந்தது. ஊர்தோறும் மக்களைக் கலந்து பல்லுயிர்ப் பதிவேடு எழுதும் முறையும் ஏற்பட்டது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆயினும், உரிமை கோருவோர் சான்றோடு வர வேண்டும்.

மஞ்சள் வழக்கு தரும் பாடம்

சான்றின் வலிமையை மஞ்சள் வழக்கு காட்டுகிறது. புண் ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு, மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சளை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கலாம். நம் வீட்டுப் பாட்டிமார் அனைவரும் அறிந்ததே என்ற வாதம் அந்த அலுவலகத்தில் செல்லாது. எழுத்துச் சான்று வேண்டும். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் சமஸ்கிருதம், உருது, இந்தி மொழி நூல்களிலிருந்து 32 சான்றுகளைத் திரட்டி அளித்தது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. பழநூல்களைப் படித்துப் பொருள் கூற வல்லவர் இருந்ததால் வென்ற வழக்கு அது.

இவ்வனுபவத்தின் விளைவாக 2001இல் மரபறிவு மின்னூலகத் திட்டம் தொடங்கியது. ஆயுர்வேத நூல்களோடு, அரபு, பாரசீகம், உருது மொழிகளில் அமைந்த யுனானி நூல்களும், தமிழில் அமைந்த சித்த மருத்துவ நூல்களும் அதில் இடம்பெற்றன. அவற்றின் செய்திகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் காப்புரிமை ஆய்வாளர்க்குக் கிடைக்கச் செய்யப்பட்டன. தமிழும் அரபும் உருதும் அருகருகே கற்பிக்கப்படும் நம்மைப் போன்ற கல்லூரிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

ஏடு காணா அறிவு

எனினும் அம்மின்னூலகம் ஏட்டில் எழுதப்பட்ட அறிவையே தாங்குகிறது. கொல்லிமலை மக்களின் அறிவோ ஏடு காணாதது. பாட்டிலும் பழமொழியிலும் விதைப்பு வழக்கிலும் வாழ்வது. அதனை எழுத்தில் கொணரும் பயிற்சி யாரிடம் உண்டு? நாட்டுப்புறவியல் பயின்ற தமிழ் மாணவரிடமே உண்டு. ஒரு நாட்டில் ஒரு பயிருக்கு வழங்கும் பெயர் அடுத்த நாட்டில் வேறொரு பயிரைக் குறிக்கக்கூடும். வட்டார வழக்கை அறிந்தவரே அவ்வேறுபாட்டைப் பிடிக்க வல்லார்.

ஆனால் எழுதி வெளியிடுதல் இருபுறமும் கூருடைய கத்தியாகும். ஓர் அறிவு பொதுவில் வெளியானால், பிறர் அதனைப் புதிதெனக் காப்புரிமை பெறுவதைத் தடுக்கலாம். அதே வேளையில், அதனைத் தந்த மக்களுக்கு எதுவும் தராமல் எவரும் எடுத்தாளவும் கூடும். ஆகவே அம்மக்களின் இசைவு முதன்மையானது. இதற்கு முன்மாதிரி அகத்தியமலைப் பகுதியில் உண்டு. 1987இல் தாவர ஆய்வாளர் குழுவினருக்கு வழிகாட்டச் சென்ற காணி மக்கள், களைப்பு நீங்கத் தாம் உண்ணும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். அதிலிருந்து உருவான 'ஜீவனி' என்னும் மருந்தைத் தயாரிக்கும் உரிமம் 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்ச ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. இவற்றில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பெற 1997இல் அம்மக்களின் அறக்கட்டளை பதிவாயிற்று. அறிவைத் தந்தவர் யார் என்று பதிவில் இருந்ததால் பங்கு கேட்க முடிந்தது.

மாணவர் கடைப்பிடிக்க வேண்டியவை

என் பிழையை நீங்கள் செய்யாதிருக்கச் சில நெறிகளைக் கூறுகிறேன். சொல்பவரிடம் நோக்கத்தை எடுத்துரைத்து இசைவு பெறுக. அவர் பெயர், ஊர், நாடு, நாள் ஆகியவற்றை அப்பக்கத்திலேயே எழுதுக. பெயர் வேண்டாம் என்பாராயின் ஊர்ப்பெயரையேனும் எழுதுக. பயிர்ப்பெயரை அவர் ஒலித்தவாறே குறிக்க. செடியின் உலர்மாதிரி ஒன்றைப் பேணித் தாவரவியல் துறையாரிடம் காட்டி இனம் அறிக. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. மறைவாக வைக்கச் சொன்னதை அச்சிடாதீர். எழுதியதன் படி ஒன்றை அவ்வூரின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் அளிக்க. பெற்றதைத் திருப்பித் தராத ஆய்வு, கடன் தீராத ஆய்வாகும்.

முடிவுரை

2024 மே 24 அன்று ஜெனீவாவில், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உறுப்பு நாடுகள் புதிய உடன்படிக்கை ஒன்றை ஏற்றன. மரபு வளத்தை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்போர் அவ்வளம் எந்நாட்டினது என்றும், அதனோடு இணைந்த மரபறிவை அடிப்படையாகக் கொண்டு கேட்போர் அவ்வறிவை எந்த மக்கள் தந்தனர் என்றும் வெளிப்படுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். 'யார் தந்தது?' என்னும் வினா உலகச் சட்டத்தின் வினாவாகவே ஆகிவிட்டது.

அவ்வினாவை என்னிடம் அந்தச் சட்ட ஆசிரியர் முன்னமே கேட்டார். என் குறிப்பேட்டில் இன்றும், 'மூதாட்டி ஒருவர் கூறியது' என்ற வரி மட்டுமே உள்ளது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களையும் பெயர் சொல்லி நிரல்படுத்தியதால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவற்றைத் தேடிச் செல்கிறோம். மாணவச் செல்வங்களே, அடுத்த முறை அம்மலையேறும்போது, பாடலோடு பாடியவரின் பெயரையும் எழுதிக்கொண்டு இறங்குங்கள். இலையின் பெயரையும் மறவாது கேளுங்கள்.