காக்கைக்கால் புல்லை அறியும் விதம்

மழை பெய்த சில வாரங்களில் மயிலாப்பூர்ப் புறக்கடைகளிலும், தியாகராயநகரில் வீடு எழும்பாத மனைகளிலும், அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த மணலிலும் காக்கையின் பாதத்தை ஒத்த கதிரை விரித்து நிற்கும் புல்லுக்குக் காக்கைக்கால் புல் என்று பெயர். பலர் இதையும் அருகையும் ஒன்றெனக் கருதி இரண்டையும் ஒரே விதமாய்க் கொத்துகின்றனர். அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

அருகு பல வருஷம் வாழ்வது. அதன் தண்டு மண்ணுக்குள்ளும் ஓடுமாதலால், மண்வெட்டியால் துண்டிக்குந்தோறும் கணுவுள்ள துண்டுகள் தனித்தனியே தளிர்க்கும். காக்கைக்கால் புல்லோ வித்தினின்று முளைத்து, வித்தை உதிர்த்து, அவ்வருஷத்திலேயே மடிவது. தரையிற் படியும் கணுக்களில் வேர்விடுமேயன்றி இதற்கு நிலத்தடித் தண்டு கிடையாது. மண் ஈரமாயிருக்கையில், கதிர் முற்றுமுன் வேருடன் பிடுங்கினால் போதும்.

அடையாளம் கதிரில் உள்ளது. பெரும்பாலும் நான்கைந்து தடித்த குறுங்கதிர்கள் ஒரே இடத்தினின்று கிடையாகப் பரவும். ஒவ்வொன்றின் முனையையும் உற்று நோக்குக. பூக்கள் முடிந்த பின்னும் காம்பு சிறு முள்போல் வெறுமையாய் நீண்டிருக்கும். இதுவே ஐயமற்ற குறி. அருகின் கதிர்கள் மெலிந்தவை. அவற்றில் இம்முள் இல்லை. கேழ்வரகின் நெருங்கிய உறவான மற்றொரு களைப்புல்லும் விரல்போன்ற கதிர் விடும். ஆயின் அதன் கதிர் நுனிவரை பூக்களுடன் முடியும், ஒரு கதிர் பெரும்பாலும் மற்றவற்றிற்குச் சற்றுக் கீழே தனித்து நிற்கும், அடித்தண்டும் தட்டையாயிருக்கும். கதிர் வருமுன் இவற்றைப் பிரித்தறிதல் பழகிய கண்ணுக்கும் எளிதன்று.

லின்னேயஸ் 1753-இல் இப்புல்லுக்கு எகிப்தின் பெயரைச் சூட்டினார். எனினும் இது எகிப்துக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவிலும் நம் தேசத்திலும் இயல்பாகவே வளர்வது. அமெரிக்காவிற்கோ இது வந்தேறி. அங்கே தானே பரவி நிலைபெற்றுவிட்டது. அதன் இக்காலச் சாஸ்திரப் பெயரான டாக்டிலோக்டீனியம் என்பதில் விரல், சிறு சீப்பு என்னும் இரு கிரேக்கச் சொற்கள் அடங்கியுள்ளன. கதிரைப் பார்த்தவர்க்குக் காரணம் விளங்கும். தென்னிந்தியப் புற்களைப் பற்றி ரங்காச்சாரியார் 1921-இல் வெளியிட்ட கைந்நூலும் இத்தகைய ஆராய்ச்சிக்குத் துணையாகும்.

இப்புல் முற்றிலும் பயனற்றதன்று. மாடுகள் இதை மேயும். பஞ்ச காலங்களில் இதன் சிறு தானியத்தை மக்களும் உண்டதுண்டு. ஆகவே இளம்புல்லைப் பிடுங்கி மாட்டுக்கு இடலாம். வித்து முற்றிய கதிர்களை மட்டும் தனியே பிரித்து எரித்துவிட வேண்டும். சூடேறாத எருக்குழியில் அவற்றைப் போட்டால், எருவுடனே மீண்டும் வயலுக்கு வந்து சேரும்.