மலைச்சாலையும் டர்போ எஞ்சினும்

திருவனந்தபுரத்தினின்று பொன்முடிக்கு ஏறும் கார், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், கடல் மட்டத்தைவிடச் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்த காற்றழுத்தத்தை எதிர்கொள்கிறது. சாதாரண எஞ்சின் அங்கு வலுவிழக்கும். டர்போ எஞ்சினிலோ, கழிவு வாயுவால் சுழலும் சக்கரம் காற்றை அமுக்கி உருளைக்குள் செலுத்துவதால் இழப்பு பெரிதும் ஈடாகிறது.

நான்கு சக்கரங்களும் உந்தும் வேகக் கார்களில் சிலர் இவ்வழுத்தத்தை மேலும் கூட்டுகின்றனர். அமுக்கப்பட்ட காற்று சூடேறும். சூடு மிகின், தீச்சுடர் வந்து சேருமுன்னரே பெட்ரோற்கலவை தானே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கக்கூடும். கடற்கரை நகரின் வெப்பத்தில் இவ்விடர் மிகுதி. காற்றுக் குளிர்விப்பு, ஆக்டேன் எண், தீப்பொறி நேரம் இவற்றைச் சீர்செய்யாது அழுத்தத்தை மட்டும் உயர்த்துவது அறிவீனமே. நாற்சக்கர உந்துகையும் ஏற்றத்தில் பிடிப்பைத் தருமேயன்றி, இறக்கத்தில் பிரேக்கின் வேலையைச் செய்யாது.

கேரள வழக்கொன்றில், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.