பள்ளித் தேர்வும் பொதுத் தேர்வும்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் வேண்டும். கற்ற கல்வியின் அளவை அறியத் தேர்வு வேண்டும். உரைகல் பொன்னை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. தேர்வும் அத்தகையதே. இக்காலத்து மாணவர் எழுதும் தேர்வுகள் இருவகைப்படும். பள்ளிக்கூடத்திலேயே நடந்து, பாடம் சொன்ன ஆசிரியரே திருத்தும் காலாண்டு, அரையாண்டு, ஆண்டிறுதித் தேர்வுகள் ஒருவகை. மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக அரசு நடத்தும் பொதுத் தேர்வு மற்றொரு வகை. இவற்றுள் எது உயர்ந்தது என்று வினவுவோர் பலர். எது எதற்குக் கருவி என்று வினவுதலே பொருத்தமாகும்.

மதுரைக்கு மேற்கே நாகமலையின் அடிவாரத்தில் புதுக்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் நின்று மலையை நோக்குவோர்க்குப் பாறையும் பிளவும் புதரும் தெளிவாகத் தோன்றும்; மலையின் முழு வடிவம் தோன்றாது. வயல்வெளியில் நெடுந்தொலைவு சென்று திரும்பி நோக்கினால், அம்மலை நீண்ட நாகம்போல் கிடப்பது புலனாகும்; பாறையின் பிளவு புலனாகாது. பள்ளித் தேர்வு அடிவாரத்துப் பார்வை. பொதுத் தேர்வு தொலைவுப் பார்வை.

பள்ளித் தேர்வைத் திருத்தும் ஆசிரியர் தம் மாணவனை அறிந்தவர். கணக்கில் அவன் வழி தவறியது எந்தப் படியில், கட்டுரையில் அவன் பிழை செய்தது சந்தியிலா, கருத்திலா என்பதை அவர் காண்கிறார். மறுநாளே விடைத்தாளைக் கையிற் கொடுத்துத் திருத்தவும் செய்கிறார். நோயை இடமறிந்து தீர்க்கும் மருத்துவரைப் போன்றது அத்தேர்வு. ஆயினும் அதற்கு ஒரு குறையுண்டு. ஒரு பள்ளியில் கடுமையாகத் திருத்துவர். மற்றொரு பள்ளியில் தாராளமாக மதிப்பெண் வழங்குவர். ஆதலின் இங்கு எழுபது பெற்றவனையும் அங்கு எண்பது பெற்றவனையும் அவ்வெண்களைக் கொண்டு ஒப்பிடுதல் அரிது.

அக்குறையைத் தீர்க்க எழுந்ததே பொதுத் தேர்வு. ஒரே வினாத்தாள், ஒரே நாள், ஒரே நேரம். மாணவனின் பெயரும் பள்ளியும் மறைக்கப்பட்ட விடைத்தாளை, அவனை முன்பின் அறியாத ஆசிரியர் விடைக்குறிப்பின்படி மதிப்பிடுகிறார். பழைய சீன நாட்டில், சோங் மரபினர் ஆட்சிக் காலத்தில், அரசுப் பணித் தேர்வு எழுதியோரின் பெயரை மறைத்ததோடு அமையாது, விடைகளை எழுத்தர் வேறு தாளில் படியெடுத்த பின்னரே திருத்துவோரிடம் கொடுத்தனர். கையெழுத்தைக் கண்டு ஆளை அறிந்துவிடலாகாது என்பதே நோக்கம். நம் மதுரையிலும் 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம் பண்டிதத் தேர்வுகளை நடத்தியது. வெவ்வேறு ஆசிரியரிடம் பாடம் கேட்டோர் அனைவரையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்தது அத்தேர்வு. சிற்றூர் மாணவனும் பெருநகர் மாணவனும் ஒரே வரிசையில் நிற்க இடமளிப்பது பொதுத் தேர்வின் சிறப்பாகும்.

அதற்கும் குறையுண்டு. மூன்று மணி நேரத்தில் எழுதியதை மட்டுமே அது அறியும். அன்று காய்ச்சலுற்றவனின் ஆண்டு முழுதும் நிகழ்ந்த உழைப்பை அது அறியாது. மதிப்பெண் வேட்கை மிகுந்தால், பாடத்தை உணராது வினாவிடையை மனப்பாடம் செய்யும் தீங்கும் விளையும். மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் வரிசையை அறிவிக்கும் வழக்கத்தை 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு கைவிட்டது, மாணவரிடையே வளர்ந்த மன அழுத்தத்தைக் குறைத்தற்கேயாம்.

இவ்விருவகைத் தேர்வுகளின் உறவை உலகுக்கு உணர்த்திய ஆண்டு 2020. கொரோனாப் பெருந்தொற்றினால் தள்ளிவைக்கப்பட்ட பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு, அவ்வாண்டு ஜூன் 9ஆம் நாள் கைவிடப்பட்டது. ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர் அதனால் தேர்ச்சி பெற்றனர். அவர்களுக்கு மதிப்பெண் வழங்கியது எவ்வாறு? காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்கு நூற்றுக்கு 80 பங்கும், வருகைக்கு 20 பங்கும் கொள்ளப்பட்டன. 'பொதுத் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அரையாண்டுத் தேர்வை எளிதாக எண்ணியவர்க்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை. சிறிதென்று கருதிய தேர்வே சான்றிதழில் ஏறியது.

அவ்வாண்டே இங்கிலாந்தில் வேறொன்று நிகழ்ந்தது. அங்கும் பள்ளி இறுதித் தேர்வு நடைபெறவில்லை. ஆசிரியர் அளித்த மதிப்பீடுகளை, பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியோடு சேர்த்துக் கணக்கிட்டுத் திருத்தினர். ஏறத்தாழ நூற்றுக்கு 40 மதிப்பீடுகள் தாழ்ந்தன. 'தமக்கு முன் படித்தோரின் நிலையைக் கொண்டு எம்மை அளப்பது முறையோ?' என்று மாணவர் முறையிட்டனர். சில நாளில் அரசு அக்கணக்கைக் கைவிட்டு, ஆசிரியரின் மதிப்பீட்டையே ஏற்றது. மாணவனை அறியாத கணக்கு மட்டும் நீதி வழங்கிவிடாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. எல்லோர்க்கும் பொதுவான அளவுகோல் இல்லாவிடின், ஆசிரியரின் மதிப்பீட்டைப் பிறர் நம்பத் தயங்குவர் என்பதையும் அதுவே காட்டிற்று.

எனவே மாணவர்களே, பள்ளித் தேர்வு உங்கள் குறையை உங்களுக்குக் காட்டுவது; பொதுத் தேர்வு உங்கள் நிறையைப் பிறர்க்குக் காட்டுவது. குறையைக் களைந்தாலன்றி நிறை தோன்றுவது எங்ஙனம்? திருத்தப்பட்ட விடைத்தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் நோக்கி மடித்து வைத்தல் ஆகாது. ஆசிரியர் சிவப்பு மையில் கோடிட்ட இடங்களை நிறுத்திப் படியுங்கள். அப்பகுதியை மீண்டும் எழுதிப் பாருங்கள். அவ்வாறு பழகியவர்க்குப் பொதுத் தேர்வு புதியதன்று. முன்பே பலமுறை எழுதிய தேர்வேயாகும். மதிப்பெண் குறைந்தவர் மனந்தளரவும் வேண்டா. துணைத்தேர்வு எழுதி அவ்வாண்டே தேர்ச்சி பெற வழியுண்டு. எண் தாழ்ந்தமையால் ஆள் தாழ்ந்துவிடுவதில்லை. உரைகல்லில் உரைக்கப்பட்டது பொன்னின் ஒரு முனையே என்பதை மறவாதீர்.