தெளிவு எங்கே விழுகிறது?

ஒரே இடத்தில் நின்று, ஒரே காட்சியை இருவர் படம் பிடித்தாலும் அப்படங்கள் ஒன்றுபோல் அமைவதில்லை. குவியப்புள்ளியும் வில்லையின் துளையும் அவற்றை வேறுபடுத்திவிடும்.

தைப்பூச நாளன்று, பத்துமலை அடிவாரத்தில் பால்குடம் சுமந்து ஓர் அம்மையார் நடந்து வருகிறார் எனக் கொள்க. அவருக்கும் படக்கருவிக்கும் இடையே 3 மீட்டர் தொலைவு. அவருக்குப் பின்னால், வெகு தொலைவில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் 272 படிகளும் தெரிகின்றன.

திரையில் தோன்றும் சிறு கட்டமே குவியப்புள்ளியைக் காட்டுகிறது. அதை அம்மையாரின் முகத்தில் வைத்தால், அந்தத் தொலைவு மிகத் தெளிவாகப் பதியும். தேர்வைக் கருவியிடம் விட்டுவிட்டால், குறுக்கே வருபவரின் தோளை அது பிடித்துக்கொள்ளக்கூடும். கூட்டத்தில் கருவியை அவ்வளவாக நம்ப முடியாது.

தெளிவு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் துளை தீர்மானிக்கிறது. கிட்டப்பார்வை உடையவர் பேருந்து எண்ணைப் படிக்கக் கண்களை இடுக்கிப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். ஒளி நுழையும் வழி குறுகினால் மங்கலும் குறையும். துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பர். வில்லையின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். ஆகவே எண் பெருகினால் துளை சிறுக்கும். 50 மில்லிமீட்டர் வில்லையில் எஃப் 2 என்றால் விட்டம் 25 மில்லிமீட்டர். எஃப் 16 என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள உணரியைக் கொண்ட கருவியில், எஃப் 2இல் அம்மையாரின் முகத்தில் புள்ளியை வைத்தால், ஏறத்தாழ 2.8 முதல் 3.2 மீட்டர் வரையே தெளிவாக இருக்கும். முகமும் குடமும் துலங்கும்; சிலையோ வெறும் பொன்னிறத் தீற்றலாகிவிடும். எஃப் 16க்கு மாற்றினாலும், புள்ளி முகத்திலேயே இருந்தால் தெளிவு 7 மீட்டரோடு நின்றுவிடும். வியப்பு என்னவென்றால், புள்ளியை 5 மீட்டருக்குச் சற்று அப்பால் நகர்த்தினால், 2.6 மீட்டரிலிருந்து தொலைவிலுள்ள சிலைவரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவு பெறும். துளையை மட்டும் மாற்றிவிட்டுப் புள்ளியை மறப்பவர்களுக்கு இந்தப் படம் கிடைக்காது.

இதற்கும் ஒரு விலை உண்டு. எஃப் 2இலிருந்து எஃப் 16க்குச் சென்றால், நுழையும் ஒளி 64இல் ஒரு பங்காகிவிடும். நொடியில் 1000இல் ஒரு பங்கு நேரம் போதுமாக இருந்த இடத்தில், ஏறக்குறைய 15இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும். அதற்குள் அம்மையார் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டால், அசைவினாலேயே முகம் கலங்கிவிடும். விடியற்காலை மங்கல் ஒளியில் சிக்கல் இன்னும் கூடும்.

முகத்தை மட்டும் துலக்கிய படம் அவருடைய பக்தியைக் காட்டும். ஆனால், அது பத்துமலைதானா என்பதைச் சொல்லாது. குடும்பத் தொகுப்பில் வைக்க அது போதும். செய்தி இதழுக்கு இடமும் தெரிய வேண்டும். 1932இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் தொடங்கிய குழு, மிகச் சிறிய துளையைக் குறிக்கும் ‘எஃப் 64’ என்பதையே தன் பெயராக்கிக்கொண்டது. அக்காலத்தில் விரும்பப்பட்ட மங்கலான அழகை அவர்கள் ஏற்கவில்லை.

கைப்பேசியின் உணரியும் வில்லையும் மிகச் சிறியவை. அதனால் அதில் பெரும்பாலும் காட்சி முழுவதும் தெளிவாகவே விழும். பின்னணியை மங்கலாக்கும் வேலையைக் கைப்பேசி கணக்கிட்டுச் செய்கிறது. முகம் எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று அது ஊகிக்க வேண்டியிருக்கிறது. கூந்தலில் சூடிய மல்லிகைச் சரத்தின் ஓரம் சில வேளைகளில் பின்னணியோடு கரைந்துபோவது இதனால்தான்.