அலாரம் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

கோலார் தங்கவயலில் எஞ்சியிருந்த தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அவற்றின் தூசு சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் வந்து படியும், இருமல் ஆரம்பிக்கும். இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிந்து சேலை நனைகிறது என்பதை எங்கள் பெண்கள் வயசுக் கோளாறு என்று சொல்லி மறைத்துவிடுகிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குப் பெங்களூர் போய்வருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் லைனில் இந்தப் பெண்களோடு உட்காருகிறேன். இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய தொல்லை என்பதை அவர்களிடம் சொல்ல யாருமே வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தாலும் நாள்பட்ட இருமலாலும் மலச்சிக்கலாலும் தளர்ந்துபோகும். அவற்றை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் பிரபலமாக்கினார். வேளைக்கு 8 முறையாவது இறுக்கி விட வேண்டும், ஒரு நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். செய்வதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அந்த 3 மாதத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத தசை என்பதால் மறந்துபோகிறது.

அதற்குத்தான் ஆப்கள் வந்தன. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டேட்' ஆப்பை 123 பெண்களிடம் 3 மாதம் சோதித்தார்கள். ஆப் கிடைத்தவர்களுக்குக் கசிவு கணிசமாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 'ஸ்க்வீசி' என்ற ஆப்பைப் பிசியோதெரபிஸ்டுகளே பரிந்துரைக்கிறார்கள். நானும் இந்த வழியை நம்புகிறேன். ஆனால் ஸ்வீடன் பெண்கள் இணையம் வழியாகத் தாமே முன்வந்தவர்கள். எங்கள் லைனில் ஆங்கிலத் திரையை யார் படிப்பது?

அதனால் போனைக் கையில் கொடுக்கும் முன் தசையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். "நாலு பேர் நடுவுல உட்கார்ந்திருக்கீங்க, காத்து பிரியப் பாக்குது. எப்படி அடக்குவீங்க?" என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், எல்லோருக்கும் புரிந்தும்விடும். பின்பக்கம் இறுக்கி, அப்படியே சிறுநீரை நிறுத்துவதுபோல் முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே மேலே தூக்க வேண்டும். தொடையும் புட்டமும் அசையக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பெரியம்மா முகம் சிவக்க முக்கினார். "இல்ல பெரியம்மா, அது கீழ தள்ளுது. மேல தூக்கணும்" என்று வயிற்றில் கை வைத்துக் காட்டிய பிறகே பிடிபட்டது. எந்த ஆப்பும் இதைக் கவனித்திருக்காது. தப்பாக முக்குகிறவருக்குத் தினமும் நினைவூட்டினால் தொல்லைதான் கூடும். உண்மையாகச் சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம்.

அடுத்தது போன். பல வீடுகளில் ஒரே போன். மகன் கையில் இருக்கும். திரையில் பயிற்சிப் பெயர் வந்தால் அம்மா அன்றே நிறுத்திவிடுவார். அறிவிப்பில் எழுத்து வராமல் அதிர்வு மட்டும் வரும்படி மாற்றுகிறேன், அலாரத்துக்கு 'மாத்திரை' என்று பெயர் வைக்கிறேன். ஆப்பே வேண்டாம் என்பவர்களுக்கு, "இறுக்கு... மேல தூக்கு... விடு" என்று என் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இறுக்கும் நேரமும் விடும் நேரமும் சமம். 3 விநாடியில் தொடங்கி 10 வரை மெல்லக் கூட்டலாம். என் அனுபவத்தில் ஆங்கில ஆப்பைவிட இந்தப் பதிவையே அதிகம் பேர் விடாமல் கேட்கிறார்கள்.

நேரத்தை ஆப் தீர்மானிக்க விடாதீர்கள். பெங்களூர் வேலைக்கு விடிகாலை ரயிலுக்கு ஓடுகிறவருக்குக் காலை 7 மணி அலாரம் எதற்கு? பங்காரப்பேட்டை தாண்டி இடம் கிடைத்து உட்கார்ந்ததும் ஒரு வேளை செய்யலாம்; பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ரயிலுக்குப் பயந்து தண்ணீரையே குடிக்காமல் வருவது மட்டும் வேண்டாம். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், மலமும் கட்டும். இருமல் வருகிறது என்று தெரிந்ததுமே முந்திக்கொண்டு இறுக்கப் பழகுங்கள்; இந்த ஒன்றே பலருக்குச் சீக்கிரம் பலன் காட்டுகிறது.

தொடர்ந்து எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதியை அணைத்துவிடச் சொல்வேன். ஒரு நாள் விட்டதும் பூஜ்ஜியத்தைப் பார்த்து மனம் உடைந்து மொத்தமாக விட்டவர்கள் உண்டு. அதற்குப் பதிலாக மாதத்தில் மூன்று நாள் எத்தனை முறை கசிந்தது, எத்தனை துணி மாற்றினீர்கள் என்று காலண்டரில் குறியுங்கள்.

எரிச்சல், சிறுநீரில் ரத்தம், அடியில் ஏதோ இறங்கியதுபோல் கனம், இறுக்கினால் வலி, சிறுநீர் சரியாகப் பிரியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டர். சிறுநீர் அடிக்கடி போகிறது என்றால் சர்க்கரையும் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் 3 மாதம் சரியாகச் செய்தும் குறையவில்லையா? அந்தக் காலண்டரையே எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் காலண்டரை மேசைமேல் வைத்தாலே போதும், அவர் கேட்க ஆரம்பிப்பார்.